எதற்கான உரிமை? அமெரிக்க ஆண்டைகள் போருக்குப் போன காரணம்



இந்த நினைவுச் சொற்பொழிவில் எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டபோது, அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றேன். நம் ஊரில் பேசுவதற்கு எவ்வளவோ இருக்கும்போது, 160 ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு கண்டத்தில் நடந்த போர் எதற்கு என்று உங்களில் சிலருக்கும் தோன்றலாம். ஒரு மாணவர் கேட்ட கேள்விதான் காரணம்.

வகுப்பு முடிந்து வெளியே வரும்போது அவர் கேட்டார்: "தோழர், அமெரிக்காவில் தெற்கு மாநிலங்கள் மாநில உரிமைக்காகத்தான் போராடின, அடிமைமுறை வெறும் சாக்கு என்று ஒரு காணொளியில் பார்த்தேன். நாமும் மாநில உரிமை கேட்கிறவர்கள்தானே. அப்படியானால் அந்தப் போரில் நாம் யார் பக்கம்?"

நல்ல கேள்வி. 'மாநில உரிமை' என்பது நம் மண்ணில் நல்ல சொல். நானும் அதன் பக்கம் நிற்பவள்தான். அதனால்தான் அந்தச் சொல் எங்கே எதற்குப் பயன்பட்டது என்பதை நாம் மற்றவர்களைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்று நாம் யாரை நினைவுகூரக் கூடியிருக்கிறோமோ, அந்த ஐயா வாசிப்பு வட்டத்தில் எங்களுக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார். ஓர் ஊரில் சேரியைத் தாக்கினார்கள் என்றால், தாக்கிய அன்று வாயில் என்ன சொல்லிக்கொண்டு வந்தார்கள் என்று முதலில் கேள். ஆறு மாதம் கழித்துச் சமாதானக் கூட்டத்தில் என்ன சொன்னார்கள் என்பதை அப்புறம் கேள். தீ வைத்த அன்று வாயிலிருந்தது சாதிப் பெயராக இருக்கும். வழக்கு வந்த பிறகு அது 'முன்விரோதம்' ஆகிவிடும். ஐயா சொல்லிக்கொடுத்த இந்த முறையையே அமெரிக்காவுக்கும் வைத்துப் பார்ப்போம்.

அன்று என்ன சொன்னார்கள்?

1860 நவம்பரில் ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். டிசம்பர் 20 அன்று தெற்கு கரோலினா ஒன்றியத்திலிருந்து பிரிந்தது. நான்கு நாள் கழித்து, தாங்கள் பிரிவதற்கான காரணங்களை ஓர் அறிக்கையாக வெளியிட்டார்கள். அதை மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். பிரிந்து போகும் உரிமையைப் பற்றி அதில் நிறைய வாதம் இருக்கிறது. ஆனால் எதனால் பிரிகிறோம் என்று சொல்ல வரும் இடத்தில் இருப்பது அடிமைகளைப் பற்றிய புகார் மட்டும்தான். தப்பியோடிய அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துத் தருவதில்லை. அடிமையோடு தங்கள் எல்லை வழியாகக் கடந்து போவதற்குக்கூட நியூயார்க் நீதிமன்றங்கள் இடம் தருவதில்லை. சில மாநிலங்கள் கறுப்பர்களைக் குடிமக்களாக்கி ஓட்டும் கொடுத்துவிட்டன. அடிமைமுறை பாவம் என்று பிரச்சாரம் நடக்கிறது. அதற்குப் பகையான ஒருவர் குடியரசுத் தலைவராக வரப்போகிறார்.

இந்தப் புகார்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். தப்பி வந்தவரைப் பிடித்துக்கொடுக்க மாட்டோம் என்று வட மாநிலங்கள் சட்டம் போட்டன. அது அந்த மாநிலங்களின் உரிமை. அந்த உரிமையைப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் தெற்கின் புகார். அதாவது, மற்ற மாநிலங்களுக்கு உரிமை இருக்கிறதே என்பது அவர்களுடைய கோபம்.

1850இல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைக் கேட்டு வாங்கியவர்கள் இவர்கள்தான். அது மத்திய அரசின் சட்டம். பிடிபட்டவர் தன் தரப்பைச் சொல்லச் சாட்சிக் கூண்டில் ஏற முடியாது. ஜூரி விசாரணை கிடையாது. மத்திய அரசு நியமித்த ஆணையர், பிடிபட்டவரை ஆண்டையிடம் ஒப்படைத்தால் அவருக்கு 10 டாலர் கட்டணம். விடுவித்தால் 5 டாலர். மாநிலங்களின் சட்டத்தையும் நீதிமன்றத்தையும் தாண்டி மத்திய அரசின் கை நீள வேண்டும் என்று கேட்டவர்கள், 10 ஆண்டு கழித்து மாநில உரிமை பேசினார்கள்.

அடுத்து மிசிசிப்பி. 1861 ஜனவரியில் பிரிந்த அந்த மாநிலத்தின் அறிக்கை சுற்றிவளைக்கவே இல்லை. தங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுக்கப் பிணைந்தது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்கிறது. உலகத்திலேயே மிகப் பெரிய பொருளாதார நலன் அதுதான் என்கிறது. வெயிலில் வேலை செய்யக் கறுப்பர்களால்தான் முடியும், அது இயற்கையின் விதி என்றும் சேர்த்துக்கொள்கிறது. யார் எந்த வேலைக்குப் பிறந்தவர் என்று இயற்கையின் பெயரால் சொல்லும் குரல் நமக்குப் பழக்கமானதுதான்.

பிரிந்தவர்கள் தென் மாநிலக் கூட்டமைப்பு என்ற பெயரில் 1861 மார்ச்சில் தங்களுக்கென ஓர் அரசியல் சட்டம் எழுதினார்கள். மாநில உரிமைக்காகப் பிரிந்தவர்கள் என்றால் அதில் மாநிலங்களுக்கு அள்ளிக் கொடுத்திருக்க வேண்டும். பழைய அமெரிக்க அரசியல் சட்டத்தைத்தான் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அடிமைகள் விஷயத்தில் புதிதாகக் கவனமெடுத்துச் சேர்த்தார்கள். அடிமைகள் மீதான சொத்துரிமையைப் பாதிக்கும் எந்தச் சட்டத்தையும் கூட்டமைப்பின் சட்டமன்றம் இயற்றக் கூடாது. புதிதாகப் பிடிக்கும் நிலப்பகுதிகளிலும் அடிமைமுறையைப் பாதுகாக்க வேண்டும். ஆண்டை தன் அடிமைகளோடு எந்த மாநிலத்துக்கும் போய்த் தங்கலாம். அவனுடைய உடைமைக்கு அங்கே பங்கம் வரக் கூடாது.

அதே மாதம் 21ஆம் தேதி, கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் சவான்னா நகரில் பேசினார். எல்லா மனிதரும் சமம் என்று முன்னோர் நினைத்தது பிழை. எங்கள் புதிய அரசின் மூலைக்கல், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை, அடிமை நிலையே அவருக்கு இயல்பு என்ற உண்மையின் மீது வைக்கப்பட்டிருக்கிறது என்பது அந்தப் பேச்சின் சாரம். மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 12 அன்று, சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்த சம்டர் கோட்டை மீது அவர்களுடைய பீரங்கிகள் வெடித்தன.

எதைக் காப்பாற்றப் போனார்கள்?

சிலர் இன்னொரு கேள்வி கேட்பார்கள். லிங்கன் தெற்கில் இருக்கும் அடிமைமுறையில் கை வைக்க மாட்டேன் என்றுதானே சொன்னார்? பிறகு ஏன் பிரிந்தார்கள்?

உண்மைதான், அப்படித்தான் சொன்னார். அவர் கட்சியின் நிலைப்பாடு, அடிமைமுறை புதிய நிலப்பகுதிகளுக்குப் பரவக் கூடாது என்பதுதான். ஆனால் ஆண்டைகளுக்கு அந்த ஒன்றே போதுமான மிரட்டலாக இருந்தது. ஏன் என்று புரிய அன்றைய கணக்கைப் பார்க்க வேண்டும்.

1860 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் ஏறக்குறைய 40 லட்சம் பேர். தெற்கு கரோலினாவின் மக்கள்தொகையில் 57 விழுக்காடும் மிசிசிப்பியில் 55 விழுக்காடும் அடிமைகள். நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தி. அந்த மனிதர்களுக்குச் சந்தை போட்ட விலையைக் கூட்டினால் 300 கோடி டாலரைத் தாண்டும் என்றும், அது நாட்டின் ரயில் பாதைகளிலும் தொழிற்சாலைகளிலும் போடப்பட்ட மொத்த முதலைவிட அதிகம் என்றும் பொருளாதார வரலாற்றாளர்கள் கணக்கிடுகிறார்கள். நிலத்தை அடகு வைப்பதுபோல் மனிதர்களை அடகு வைத்து வங்கியில் கடன் வாங்கினார்கள்.

பருத்தி மண்ணை உறிஞ்சிவிடும். மண் களைத்ததும் புதிய நிலத்துக்கு நகர வேண்டும். புதிய நிலம் திறந்தால்தான் அடிமைகளுக்கு விலை ஏறும். வர்ஜீனியா போன்ற பழைய மாநிலங்கள் மனிதர்களை மிசிசிப்பி, அலபாமா, லூசியானாவுக்கு விற்றுப் பிழைத்தன. 1790க்கும் 1860க்கும் இடையில் இப்படித் தெற்கு நோக்கிக் கொண்டுபோகப்பட்டவர்கள் சுமார் 10 லட்சம் பேர். கணவனிடமிருந்து மனைவியும் தாயிடமிருந்து பிள்ளையும் ஏலத்தில் பிரிந்தார்கள். புதிய நிலம் இல்லை என்று கதவை அடைத்தால் இந்த வியாபாரத்தின் மூச்சு அடைபடும். புதிய நிலங்களெல்லாம் அடிமையற்ற மாநிலங்களானால் செனட்டிலும் பலம் போய்விடும்.

இதோடு இன்னொரு பயமும் இருந்தது. வட கரோலினாவைச் சேர்ந்த ஹின்டன் ஹெல்பர் என்ற வெள்ளையர் 1857இல் ஒரு நூல் எழுதினார். அவருக்குக் கறுப்பின மக்கள் மீது கரிசனம் எதுவும் கிடையாது, வெறுப்புதான். ஆனால் அடிமைமுறை ஏழை வெள்ளையனை ஏழையாகவே வைத்திருக்கிறது என்று புள்ளிவிவரங்களோடு எழுதினார். தெற்கில் அந்த நூலைப் பரப்பியவர்களைச் சிறைக்கு அனுப்பினார்கள். ஆண்டைகளின் பயம் வாஷிங்டனைப் பற்றியது மட்டுமல்ல. தங்கள் ஊர் ஏழை வெள்ளையன் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவான் என்ற பயமும் அதில் உண்டு.

அடிமை இல்லாதவன் ஏன் துப்பாக்கி எடுத்தான்?

நம் இயக்கங்களுக்கு மிக முக்கியமான பகுதி இதுதான். பிரிந்துபோன 11 மாநிலங்களில் அடிமை வைத்திருந்த குடும்பங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவர்களுக்கு ஓர் அடிமைகூட இல்லை. பிறகு அவர்கள் ஏன் சாகப் போனார்கள்?

ஜார்ஜியா ஆளுநர் ஜோசப் பிரவுன் 1860 டிசம்பரில் எழுதிய பகிரங்கக் கடிதத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. அவரும் வடக்கு ஜார்ஜியா மலைப்பகுதியின் எளிய விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர். அடிமைமுறை ஒழிந்தால் பணக்காரனுக்கு ஒன்றும் ஆகாது, அவன் நிலத்தை வளைத்துப்போட்டுக்கொள்வான். ஏழை வெள்ளையன்தான் கறுப்பனோடு கூலிக்குப் போட்டி போட வேண்டி வரும் என்று அதில் அவர் எச்சரித்தார். இன்று இங்கே ஏழை வெள்ளையனும் மதிக்கப்படுகிறான், அவன் யாருடைய பூட்சுக்கும் மை பூசுவதில்லை, வெள்ளை இனம் என்ற உண்மையான உயர்குடியைச் சேர்ந்தவன் என்றும் சொன்னார்.

கையில் காசில்லாதவனுக்கு அந்தஸ்தைக் கூலியாகக் கொடுக்கிறார் ஆளுநர். டபிள்யூ. இ. பி. டூபாய்ஸ் 1935இல் வெளியிட்ட தன் பெருநூலில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். போருக்குப் பிந்தைய தெற்கைப் பற்றிச் சொல்லும்போது, வெள்ளைத் தொழிலாளிக்குக் காசாகக் கிடைத்தது குறைவு. ஆனால் ஊரார் தரும் மரியாதையாகவும் மனநிறைவாகவும் இன்னொரு கூலி கிடைத்தது என்றார். அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னதை இதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இனமும் சாதியும் ஒன்றல்ல, அண்ணலே அதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற எண்ணம், தன் மேல் இருப்பவனை எதிர்க்க விடாது என்பது இரண்டு இடத்திலும் நடக்கிறது.

அந்தக் கூலி எப்போதும் செல்லுபடியாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1862 ஏப்ரலில் கூட்டமைப்பு கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவந்தது. அக்டோபரில் ஒரு விலக்கு: 20 அடிமைகளோ அதற்கு மேலோ உள்ள பண்ணையில் ஒரு வெள்ளையருக்குச் சேவையிலிருந்து விடுப்பு. பணக்காரன் மூட்டிய போரில் ஏழை சாகிறான் என்ற பேச்சு எழுந்தது. 1863 ஏப்ரலில் தலைநகர் ரிச்மண்டிலேயே பெண்கள் ரொட்டி கேட்டுக் கடைகளை உடைத்தார்கள். அடிமைகள் குறைவாக இருந்த வர்ஜீனியாவின் மேற்கு மலைப்பகுதி, அந்த மாநிலத்திலிருந்தே பிரிந்து 1863 ஜூனில் மேற்கு வர்ஜீனியா என்ற தனி மாநிலமானது. பிரிந்து போகும் உரிமையைப் பேசியவர்கள் இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை.

அடிமைகள் என்ன செய்தார்கள்?

இந்தக் கதையில் கறுப்பின மக்களைக் காத்திருந்தவர்களாகக் காட்டுவது வழக்கம். போர் தொடங்கி ஆறு வாரம்கூட ஆகவில்லை, 1861 மே மாதம், பிராங்க் பேக்கர், ஜேம்ஸ் டவுன்சென்ட், ஷெப்பர்ட் மல்லோரி என்ற மூன்று பேர் வர்ஜீனியாவின் மன்றோ கோட்டைக்குத் தப்பி வந்தார்கள். அது ஒன்றியப் படையின் கோட்டை. அவர்களைத் திருப்பித் தர முடியாது என்றார் தளபதி பட்லர். அவர் சொன்ன காரணம் மனித உரிமை அல்ல. எதிரி போருக்குப் பயன்படுத்தும் சொத்து, அதைக் கைப்பற்றலாம் என்பதுதான். ஆனால் செய்தி பரவியதும் நூற்றுக்கணக்கில், பிறகு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 1862 மே மாதம் ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற அடிமை மாலுமி, பிளாண்டர் என்ற கூட்டமைப்புக் கப்பலையே சார்ல்ஸ்டனிலிருந்து ஓட்டிக்கொண்டு தன் குடும்பத்தோடும் தோழர்களோடும் ஒன்றியக் கடற்படையிடம் வந்து சேர்ந்தார். பின்னாளில் அவர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார். பண்ணையை விட்டு வெளியேறிய இந்தப் பெருந்திரளின் செயலை டூபாய்ஸ் பொது வேலைநிறுத்தம் என்றே அழைத்தார். ஒன்றிய ராணுவத்தில் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் சேர்ந்தார்கள்.

வடக்கு தர்மத்துக்காகக் கிளம்பிய படை அல்ல. லிங்கன் முதலில் போரிட்டது ஒன்றியத்தைக் காக்க. மிசௌரி, கென்டக்கி, மேரிலாந்து, டெலவேர் என நான்கு அடிமை மாநிலங்கள் அவர் பக்கமே இருந்தன. ஆனால் வடக்கு ஏன் போரிட்டது, தெற்கு ஏன் போரிட்டது என்பவை வேறு வேறு கேள்விகள். முதல் கேள்விக்கான பதிலை எடுத்து இரண்டாவதை மறைப்பதுதான் அந்தக் காணொளிகள் செய்யும் வேலை. வடக்கின் போரை அடிமை ஒழிப்புப் போராக மாற்றியதில் பெரும்பங்கு பண்ணையை விட்டு நடந்து வந்த மக்களுடையது.

தெற்கு எதற்காகப் போரிட்டது என்பதற்கு அவர்களே கடைசியாக ஒரு சாட்சி கொடுத்தார்கள். 1864 ஜனவரியில் கிளிபர்ன் என்ற தளபதி, ஆட்கள் தீர்ந்துவிட்டார்கள், அடிமைகளுக்கு விடுதலை கொடுத்துப் படையில் சேர்ப்போம் என்று முன்மொழிந்தார். மாநிலச் சுதந்திரம்தான் நோக்கம் என்றால் இதை உடனே ஏற்றிருக்க வேண்டும். கூட்டமைப்பின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் அந்த முன்மொழிவைப் பேச்சே எழாமல் அமுக்கச் சொன்னார். ஓராண்டு கழித்து அதே யோசனை திரும்ப வந்தபோது, கூட்டமைப்பின் நிறுவனர்களில் ஒருவரான ஹோவெல் காப் எழுதினார்: அடிமைகள் நல்ல படைவீரர்களாக இருப்பார்களென்றால், அடிமைமுறை பற்றிய நம் கோட்பாடு முழுவதுமே தவறு. வேறு வழியில்லாமல் 1865 மார்ச் 13 அன்று சட்டம் போட்டார்கள். படையில் சேர்பவருக்கு விடுதலை என்று அந்தச் சட்டம் அப்போதும் சொல்லவில்லை. நான்கு வாரத்துக்குள் ஏப்ரல் 9 அன்று தளபதி லீ சரணடைந்தார். 6 லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்த போர் அது.

பிறகு என்ன சொன்னார்கள்?

தோற்ற பிறகு சமாதானக் கூட்டத்து மொழி தொடங்கியது. மூலைக்கல் பேச்சுப் பேசிய ஸ்டீபன்ஸ், 1868இல் வெளியிட்ட நூலில், போர் நடந்தது அரசியல் சட்டக் கோட்பாடுகளுக்காக என்றார். 1861 ஏப்ரலில் தன் நாடாளுமன்றத்திடம் அடிமைச் சொத்துக்கு வந்த ஆபத்தை விரித்துச் சொன்ன டேவிஸ், 1881இல் எழுதிய நூலில், அடிமைமுறை போருக்குக் காரணமே இல்லை, தற்செயலாக உடனிருந்த ஒன்று என்றார். 1894இல் தொடங்கிய கூட்டமைப்பின் மகள்கள் சங்கம் பள்ளிப் பாடநூல்களைக் கண்காணித்தது. அதன் வரலாற்றுப் பொறுப்பிலிருந்த மில்ட்ரெட் ரதர்போர்ட் 1920 வாக்கில் ஓர் அளவுகோல் வெளியிட்டார். தெற்கு அடிமைகளை வைத்துக்கொள்ளப் போரிட்டது என்று சொல்லும் பாடநூலை நிராகரியுங்கள் என்பது அதிலுள்ள விதிகளில் ஒன்று. தளபதிகளின் சிலைகளில் பெரும்பாலானவை போர் முடிந்த கையோடு வைக்கப்பட்டவை அல்ல. கறுப்பின மக்களின் ஓட்டுரிமையைப் பறித்து, பள்ளியிலும் ரயிலிலும் பிரித்து உட்கார வைத்த காலத்தில் எழுந்தவை.

கதையை ஏன் மாற்றினார்கள்? வெட்கத்தால் மட்டும் அல்ல, தேவையாலும்தான். 1865 டிசம்பரில் 13ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. அதற்கு முன்பே மிசிசிப்பி தன் கறுப்பர் சட்டங்களைப் போட்டுவிட்டது. வேலை ஒப்பந்தம் கையில் இல்லாத கறுப்பர் 'வேலையற்றுத் திரிபவர்' எனப் பிடிக்கப்பட்டார். அபராதம் கட்ட முடியாவிட்டால், கட்டுபவரின் பண்ணைக்கு உழைக்கப் போக வேண்டும். 1877இல் ஒன்றியப் படை தெற்கின் அரசுகளைக் காக்கும் பொறுப்பிலிருந்து விலகியது. ஆண்டைகளின் பேரன்கள் ஆட்சியைத் திரும்ப எடுத்துக்கொள்ள, தாத்தா கொள்கைக்காகச் செத்தார் என்ற கதை வேண்டியிருந்தது. 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பின மக்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான், தெற்கு கரோலினா சட்டமன்ற வளாகத்திலிருந்து கூட்டமைப்பின் கொடி இறங்கியது. அந்தக் கொலைகாரன் அந்தக் கொடியோடு படம் எடுத்துப் போட்டிருந்தான். கொடியின் பொருள் அவனுக்குத் தெரிந்திருந்தது.

நம் முன்னோர் இதைத் தூரத்துச் செய்தியாகப் படிக்கவில்லை. ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, அடிமை ஒழிப்புக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் தரும் மனுவின் பிரதியைக் கேட்டார். டூபாய்ஸும் பதில் எழுதினார். அதே பத்தாண்டில் அண்ணல் இந்தப் போரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஒன்றியத்துக்காகக் கறுப்பின மக்கள் போரிட்டதையும், போர் முடிந்ததும் அவர்கள் கைவிடப்பட்டதையும் தீண்டப்படாதோர் மறக்க முடியாது என்பது அவர் நமக்குச் சொன்ன எச்சரிக்கை. வேறொருவர் விடுதலைக்கு உழைத்தால் நம் விடுதலை தானாக வரும் என்று நம்பாதே, உறுதியை எழுத்தில் முன்பே வாங்கு என்பதுதான் அதன் பொருள்.

அந்த மாணவருக்கு அன்று நான் அவசரமாக ஏதோ பதில் சொன்னேன். இன்று முழுதாகச் சொல்கிறேன். மாநில உரிமை என்பது ஒரு கருவி. அது ஒரு மொழியைக் காக்கலாம், ஒரு கல்லூரியின் கதவை ஏழைக்குத் திறக்கலாம். ஒரு மனிதனை இன்னொருவனின் உடைமையாக வைத்திருக்கவும் பயன்படலாம். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் பக்கம் சேர வேண்டாம். அந்த உரிமையைக் கொண்டு நீ எதைச் செய்யப் போகிறாய், உன் மாநிலத்துக்குள் கடைசி ஆளுக்கு அதில் என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். தெற்கு கரோலினாவில் 57 விழுக்காடு மக்கள் அடிமைகள். அந்த மாநிலம் பிரிவதா வேண்டாமா என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பாதிக்கு மேற்பட்டோரைக் கேட்காமல் எடுத்த முடிவுக்கு மாநிலத்தின் உரிமை என்று பெயர் வைத்தார்கள். அது ஆண்டைகளின் உரிமை. நாம் அந்த 57 விழுக்காட்டின் பக்கம்.

ஐயா சொன்ன பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். அன்றைய தாளைத் தேடி எடுங்கள், படியுங்கள், பிரதி எடுத்து வையுங்கள். பின்னால் வரும் சமாதானக் கூட்டத்தில் அது நம் கையில் இருக்க வேண்டும்.

ஜெய் பீம்.